உடுக்குறி இல்லாத படம்: தாடையெலும்பின் மூன்றாம் பரிமாணம் பற்றி

சென்ற மாதம் பெங்களூரு மல்லேஸ்வரத்தில் ஒரு பல் மருத்துவரின் அறையில் அம்மாவுடன் அமர்ந்திருந்தேன். திரையில் அம்மாவின் கீழ்த்தாடை மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. இடப்பக்கக் கடைவாய்ப்பல் விழுந்த இடத்தில் மருத்துவர் ஒரு டைட்டானியத் திருகின் உருவை இழுத்து வைத்தார். அதற்குக் கீழே, எலும்பின் உள்ளே, சிவப்புக் கோடு ஒன்று ஓடியது. "இதுதான் நரம்பு. இதிலிருந்து 2 மில்லிமீட்டராவது தள்ளி நிற்க வேண்டும்" என்றார். அம்மா அந்தப் பக்கத்தைப் பார்க்கவில்லை. வலப்பக்கத்தைக் காட்டுமாறு கேட்டார்.

வலப்பக்கத்தில் ஏற்கெனவே ஒரு திருகு இருக்கிறது. 11 ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊருக்கு அருகிலுள்ள நகரம் ஒன்றில் வைத்தது. மரத்துப்போவதற்காகப் போட்ட ஊசியின் விளைவு அன்று மாலையே தீர்ந்திருக்க வேண்டும். கீழுதட்டின் வலப்பாதியில் அது இன்றுவரை தீரவில்லை. தேநீர் உதட்டோரம் வழிவதை அம்மா உணர்வதில்லை. நாங்கள் சொன்ன பிறகு முந்தானையால் துடைத்துக்கொள்வார். அன்றைக்கு எடுக்கப்பட்டிருந்தது, ஓ.பி.ஜி. என்று எல்லோரும் அழைக்கும் தட்டைப்படம் ஒன்று மட்டுமே. படத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது என்று பின்னர் சொன்னார்கள். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. தட்டைப்படத்தில் எல்லாம் சரியாகவே தெரிந்திருக்கவும் கூடும்.

பலரும் கேட்கும் ஒரு வினாவுக்கு இங்கேயே விடை சொல்லிவிடுகிறேன். அம்மாவின் பேச்சு கெடவில்லை. கீழ்த்தாடைக்குள் ஓடி, மோவாய்க்கு அருகே ஒரு சிறு துளை வழியாக வெளிவரும் நரம்பு உணர்வுக்கு மட்டுமே உரியது. உதட்டை அசைக்கும் தசைகளை இயக்குவது வேறொரு நரம்பு. ஆகவே பகரமும் மகரமும் பழுதின்றிப் பிறக்கின்றன. ஆனால் உதடுகள் பொருந்திய செய்தி, அந்தப் பாதியிலிருந்து மூளைக்குத் திரும்பிச் செல்வதில்லை. பிறப்பியலில் பல்லையும் இதழையும் பேச்சுறுப்புகளாக எண்ணிய தொல்காப்பியரைப் பாடமாகப் படித்த எனக்கு, ஓர் ஒலி சரியாகப் பிறந்தும் பிறந்ததைப் பேசியவர் உணராதிருக்கும் நிலை புதிது. இந்தப் பதிவு அதைப் பற்றியதன்று. அந்த அறையில் சுழன்ற படம் எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன். தேட்டம் நான் எதிர்பாராத இடங்களுக்கு இட்டுச் சென்றது. அவற்றுள் ஒன்று அந்த அறையிலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவில் இருந்தது.

1895 நவம்பர் 8 அன்று வூர்ட்ஸ்பர்க் நகரில் ரான்ட்கன் புதிய கதிரைக் கண்டார். அடுத்த சனவரியிலேயே பிரவுன்ஷ்வைக் நகரத்துப் பல் மருத்துவர் ஓட்டோ வால்க்கோஃப் தம் வாய்க்குள் ஒரு கண்ணாடித் தகட்டை வைத்து, கதிரின் முன் 25 நிமிடம் அசையாதிருந்து, தம் பற்களைத் தாமே படமெடுத்துக்கொண்டார். பல் மருத்துவம் எக்ஸ் கதிரை எவ்வளவு விரைவாகத் தழுவிக்கொண்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. அதன் விலையும் விரைவிலேயே தெரிந்தது. நியூ ஆர்லியன்ஸில் அதே 1896இல் பற்களைப் படமெடுக்கத் தொடங்கிய எட்மண்ட் கெல்ஸ், கதிரின் வலிமையைச் சரிபார்க்கத் தம் கையையே அதன் முன் நீட்டிப் பழகியவர். முதலில் விரல்கள், பிறகு கை என ஒவ்வொன்றாக இழந்து 1928இல் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார்.

தமிழில் ஒளிப்படத்துக்கு நிழற்படம் என்றொரு பெயர் உண்டு. அந்தப் பெயர் உண்மையில் பொருந்துவது எக்ஸ் கதிர்ப் படத்துக்குத்தான். ஒளிப்படம் ஒரு பொருளின் மேற்பரப்பிலிருந்து திரும்பிய ஒளி. எக்ஸ் கதிர்ப் படமோ பொருளை ஊடுருவி வந்ததன் நிழல். வழியில் எதிர்ப்பட்ட எல்லாவற்றையும் கூட்டி ஒரே கறையாக இட்ட நிழல். முன்னால் இருப்பது எது, பின்னால் இருப்பது எது என்று அதனிடம் கேட்க இயலாது. சொத்தை தேடும் மருத்துவருக்கு இது பெரிய குறையன்று. சொத்தை இருக்கிறதா என்பதே அவருடைய வினா. எலும்புக்குள் துளையிட்டுத் திருகு பதிப்பவருக்கோ வினா வேறு. எலும்பு எவ்வளவு உயரம் என்பதோடு எவ்வளவு தடிப்பு, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, நரம்புக் குழாய் நாக்குப் பக்கமாக ஓடுகிறதா கன்னப் பக்கமாக ஓடுகிறதா என்பதெல்லாம் அவருக்குத் தெரிய வேண்டும். கீழ்த்தாடையின் உட்புறத்தில், கடைவாய்ப் பற்களுக்குக் கீழே, உமிழ்நீர்ச் சுரப்பி பொருந்தியிருக்கும் ஒரு பள்ளம் உண்டு. சிலருக்கு அது ஆழமானது. அங்கே துளைக்கருவி எலும்பைக் கடந்து வெளியேறினால் நாக்கின் கீழுள்ள தமனி கிழிந்து, வாய்த்தளம் வீங்கி, மூச்சே அடைபடலாம். தட்டைப்படத்தில் அந்தப் பள்ளம் பள்ளமாகத் தெரிவதில்லை.

அப்படியானால் பல் இம்ப்ளான்ட் எப்படி இந்தப் படமின்றியே வெற்றி கண்டது? வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஸ்வீடனில் பெர்-இங்வார் பிரோனமார்க் 1952 வாக்கில் முயலின் எலும்பில் டைட்டானிய அறை ஒன்றைப் பதித்து இரத்த ஓட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆய்வு முடிந்து அதைக் கழற்ற முயன்றபோது எலும்பு அதை விடவில்லை. 1965இல் மனிதத் தாடையில் முதல் முறையாக டைட்டானியத் திருகுகளைப் பதித்தார். அந்த நோயாளி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவற்றைக் கொண்டே உண்டார். 1982இல் டொரான்டோவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகு உலகம் இம்முறையை ஏற்றது. 1965க்கும் 1982க்கும் இடையில் பிரோனமார்க் குழுவிடம் தாடையின் முப்பரிமாணப் படம் எதுவும் இல்லை. அவர்கள் கீழ்த்தாடையில் திருகு பதித்தது பெரும்பாலும் முன்பகுதியில், இரு பக்கத்து மோவாய்த் துளைகளுக்கும் இடையில். நரம்பு அந்தத் துளைகள் வழியாக ஏற்கெனவே வெளியேறிவிடுவதால், அவற்றுக்கு முன்னால் உள்ள எலும்பில் அஞ்ச வேண்டியது குறைவு. ஈற்றை நீளக் கீறித் திறந்து எலும்பைக் கண்ணால் கண்டே துளையிட்டார்கள். பற்கள் முழுவதும் இழந்த முதியவர்களுக்கு முன்பகுதியில் நான்கைந்து திருகுகள் போதும். அவற்றின் மேல் முழு வரிசையையும் தாங்கவைத்துவிடலாம். ஆழம் தெரியாத நிலையில் ஆழம் தேவைப்படாத இடத்தைத் தேர்ந்துகொண்டது அந்த முறை. அறியாமையின் எல்லையை அறிந்து வகுத்த முறை என்பதால் அதன் மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு.

சிக்கல் வெற்றிக்குப் பின் வந்தது. ஓரிரு பற்களை மட்டும் இழந்தவர்களும் இம்ப்ளான்ட் கேட்கத் தொடங்கினர். இழந்தவை பெரும்பாலும் கடைவாய்ப் பற்கள். திருகு பின்னோக்கி நகர்ந்தது. கீழே நரம்புக் குழாயின் மேலும், மேலே மேல்தாடை எலும்பின் காற்றறைக்கு அடியிலும் வந்து நின்றது. கையிலிருந்த படமோ பின்லாந்தின் யூர்யோ பாட்டெரோ இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வளர்த்தெடுத்த ஓ.பி.ஜி. குழலும் படலமும் தலையைச் சுற்றிவந்து இரு தாடைகளையும் ஒரே பட்டையாக விரித்துக் காட்டும் அருமையான படம் அது. ஆனால் விரித்ததும் தடிப்பு போய்விடுகிறது. உருவம் ஏறத்தாழ 20 முதல் 30 விழுக்காடு வரை பெரிதாகவும் விழுகிறது. அதுவும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. பத்து மில்லிமீட்டர் எலும்பு பன்னிரண்டாக, பதின்மூன்றாகத் தோன்றும். நரம்பிலிருந்து விட வேண்டிய இடைவெளி இரண்டே மில்லிமீட்டர் என்னும்போது, படத்தின் பிழை பாதுகாப்பு எல்லையையே விழுங்கிவிடுகிறது.

மருத்துவ சி.டி. ஸ்கேன் அப்போது ஏற்கெனவே இருந்தது. 1987இல் ஷ்வார்ட்ஸ், ராத்மன் முதலியோர் தாடையின் சி.டி. தரவைக் கணினியில் மறுபடி வெட்டி, பல் வளைவுக்குக் குறுக்கான துண்டங்களாகத் தரும் முறையை வெளியிட்டனர். முதன்முறையாகப் பல் மருத்துவர் தாடையை, பலாச்சுளையைக் குறுக்கே அரிந்து பார்ப்பதுபோல், குறுக்கு வெட்டில் பார்த்தார். ஆனால் அதற்கு நோயாளி பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். செலவும் கதிரளவும் மிகுதி. ஒரு பல்லுக்காக யாரும் அதைச் செய்யத் துணிவதில்லை. ஆகவே பல் மருத்துவ அறைக்குள் அடங்கக்கூடிய கருவி ஒன்று தேவைப்பட்டது. அந்தக் கருவியின் கதையைச் சொல்ல வேண்டுமானால் பல்லை விட்டுச் சற்று விலகி, நிழல்களிலிருந்து உருவத்தை மீட்கும் கணக்குக்குச் செல்ல வேண்டும்.

நான்கு கட்டங்கள் கொண்ட ஒரு சதுரத்தை எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண் மறைந்திருக்கிறது. வரிசைகளின் கூட்டுத்தொகை 5, 5. நிரல்களின் கூட்டுத்தொகையும் 5, 5. எண்கள் எவை? மேல்வரிசையில் 1, 4, கீழ்வரிசையில் 4, 1 என்று இருக்கலாம். மேலே 4, 1, கீழே 1, 4 என்றும் இருக்கலாம். வேறு விடைகளும் உண்டு. மூலைவிட்டங்களின் கூட்டுத்தொகை 2, 8 என்று யாராவது கூடுதலாகச் சொல்லிவிட்டால் விடை ஒன்றாகிவிடும். நிழல் என்பது இந்தக் கூட்டுத்தொகைதான். போதிய கோணங்களிலிருந்து நிழல்கள் கிடைத்தால் உள்ளிருப்பதை மீட்கலாம். இதைப் பொதுவான தேற்றமாக 1917இல் நிறுவியவர் ஆஸ்திரியக் கணிதவியலர் யோஹான் ராடன். அவருக்கு மருத்துவம் நோக்கமன்று. நாற்பதாண்டு கழித்து, கேப் டவுன் மருத்துவமனை ஒன்றில் பகுதிநேரமாகக் கதிரியக்கப் பொறுப்பைப் பார்த்த இயற்பியலர் ஆலன் கார்மக், ராடனை அறியாமலேயே அதே சிக்கலைத் தீர்த்து 1963இலும் 1964இலும் கட்டுரைகள் எழுதினார். ஏறத்தாழ எவரும் பொருட்படுத்தவில்லை. கார்மக்கை அறியாமல், இங்கிலாந்தில் ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளர் காட்ஃபிரி ஹவுன்ஸ்ஃபீல்டு கருவியைக் கட்டினார். பீட்டில்ஸ் இசைத்தட்டு விற்ற பணத்தில் சி.டி. பிறந்தது என்று வகுப்பறைகளில் சொல்லப்படும் கதை மிகை. பிரித்தானியச் சுகாதாரத் துறையின் பணம் அதில் பெரும்பங்கு வகித்தது. 1971 அக்டோபர் 1 அன்று விம்பிள்டனின் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் தலை படமெடுக்கப்பட்டது. 180 கோணங்கள், கோணம் ஒன்றுக்கு 160 அளவீடுகள், ஆக 28,800 எண்கள். ஏறத்தாழ அத்தனை சமன்பாடுகளையும் ஒருங்கே தீர்த்து 80க்கு 80 கட்டங்கள் கொண்ட ஒரு துண்டத்தை மீட்டார் ஹவுன்ஸ்ஃபீல்டு. 1979இல் கார்மக்கும் அவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

அதே 1971இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் ஐந்து பக்கக் கட்டுரை ஒன்று வெளிவந்தது. எழுதியவர்கள் ஜி. என். ராமச்சந்திரனும் ஏ. வி. லட்சுமிநாராயணனும். எர்ணாகுளத்தில் பிறந்த ராமச்சந்திரன், சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் இருந்தபோது 1954இல் கோபிநாத் கர்த்தாவுடன் கொலாஜன் புரதத்தின் மும்முறுக்கு வடிவத்தை முன்வைத்தவர். எலும்புக்கும் பல்லின் உட்பகுதிக்கும் இழைச் சட்டகமாக அமைவது அந்தக் கொலாஜனே. 1971இல் அவர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூற்று உயிரியற்பியல் பிரிவைத் தொடங்கியிருந்தார். நான் அம்மாவுடன் அமர்ந்திருந்த மல்லேஸ்வரம், அந்த வளாகத்தின் அண்டை.

கட்டுரை பேசுவது நிழல்வரைவுகளிலிருந்து முப்பரிமாணப் பொருளை மீட்பது பற்றி. அதற்கு முன் வழங்கிய ஃபூரியே வழி சுற்றிப் போகும் வழி: நிழல்களை அலைகளாகப் பிரித்து, அலைவெளியில் அடுக்கி, பிறகு திரும்ப வேண்டும். இவர்கள் நேர்வழியைக் காட்டினர். ஒவ்வொரு நிழலையும் வந்த திசையிலேயே திருப்பிப் பூசினால், எல்லாப் பூச்சுகளும் சந்திக்கும் இடத்தில் பொருள் தோன்றும். ஆனால் ஈரத்தாளில் விழுந்த மைபோல் மங்கலாகத் தோன்றும். பூசுவதற்கு முன் நிழலை ஒரு சல்லடையில் இட்டால் அந்த மங்கல் நீங்கும். சல்லடை மிக எளிய எண் வரிசை. நடுவில் ஒரு நேர் எண். அதற்கு இருபுறமும் ஒற்றைப்படை இடங்களில் தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைந்துகொண்டே போகும் எதிர்மறை எண்கள். இரட்டைப்படை இடங்களில் சுழியம். அந்த எதிர்மறை எண்கள் பூச்சின் கசிவைத் துடைத்துவிடுகின்றன. ஃபூரியே வழியைவிட இது ஏறத்தாழ 30 மடங்கு விரைவானது என்றும், எக்ஸ் கதிர்ப் படத்துறையில் பயன்படக்கூடும் என்றும் அவர்களே எழுதினர். இன்று உலகெங்கும் பாடநூல்களில் அந்தச் சல்லடைக்கு ராம்-லாக் என்று பெயர்.

இந்த இடத்தில் ஒரு திருத்தம். "சி.டி. ஸ்கேனைக் கண்டுபிடித்தவர் இந்தியரே" என்னும் பதிவுகள் ஆண்டுக்கொருமுறை சுற்றுக்கு வருகின்றன. அப்படிச் சொல்வது ராமச்சந்திரனுக்கும் பெருமையன்று. ஹவுன்ஸ்ஃபீல்டின் முதல் கருவி இந்தச் சல்லடையைப் பயன்படுத்தவில்லை. இதே கருத்தை 1967இலேயே பிரேஸ்வெல், ரிடில் ஆகிய இருவரும் வானொலி வானியலில் எட்டியிருந்தனர். வான்பொருளைக் கீற்றுக் கீற்றாக வருடும் தொலைநோக்கிக்கும் எலும்பை வருடும் கதிருக்கும் கணக்கு ஒன்றே. ராடன், பிரேஸ்வெல், கார்மக், ஹவுன்ஸ்ஃபீல்டு, ராமச்சந்திரன் என ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே கிணற்றைப் பல இடங்களில் தோண்டியிருக்கிறார்கள். எனினும் மருத்துவப் படவியல் பின்னர் தனதாக்கிக்கொண்டது, எண்ணாகவே எழுதிக் கணினியில் இட்டுவிடக்கூடிய அந்த எளிய வடிவத்தைத்தான். ஆய்வு மாணவர்கள் அந்த ஐந்து பக்கங்களை மூலத்திலேயே படிக்கலாம். தமக்குத் தெரிந்ததற்கு மேல் ஒரு சொல் கூட உரிமை கோராத நடை.

பல்லுக்குத் திரும்பும் பாதை ஒரு மகிழுந்துத் தொழிற்சாலை வழியாகச் செல்கிறது. அதுவரை சி.டி. என்பது விசிறிபோல் விரியும் மெல்லிய கதிரால் ஒவ்வொரு துண்டமாக எடுப்பது. 1984இல் ஃபோர்டு நிறுவன ஆய்வகத்தைச் சேர்ந்த ஃபெல்ட்காம்ப், டேவிஸ், கிரெஸ் ஆகிய மூவர், கதிரைக் கூம்பாக விரித்து, தட்டையான உணரியில் முழு நிழலையும் ஒரே நேரத்தில் பிடித்து, ஒரே சுற்றில் முழுக் கன அளவையும் மீட்கும் வழியை வெளியிட்டனர். பொருள்களை உடைக்காமல் அவற்றின் உட்குறைகளைக் காண்பது அந்த ஆய்வகத்தின் தேவைகளுள் ஒன்று. நிழலின் ஒவ்வொரு வரியையும் அதே குடும்பச் சல்லடையில் இட்டு, வந்த கூம்பின் வழியே திருப்பிப் பூசுவது அவர்கள் முறை. அது தோராய முறை என்பதை அவர்கள் மறைக்கவில்லை. கதிர்மூலம் சுற்றும் தளத்தில் மட்டுமே கணக்கு துல்லியம். மேலும் கீழும் விலக விலகப் பிழை வளரும். சில ஆண்டுகளில் ஃபெல்ட்காம்ப் எலும்பு ஆய்வாளர்களோடு சேர்ந்து எலும்பின் பஞ்சு போன்ற உட்கட்டமைப்பையும் இதே வழியில் படமாக்கினார்.

பல் மருத்துவத்துக்கு இது வந்து சேர மேலும் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. 1998இல் இத்தாலியின் வெரோனா நகரிலிருந்து மோட்சோவும் குழுவினரும் நியூடாம் கருவியை அறிவித்தனர். நோயாளியைச் சுற்றி ஒரே சுற்று, பாகைக்கு ஒன்றாக 360 நிழல்கள். மறு ஆண்டே ஜப்பானின் நிஹோன் பல்கலைக்கழகத்தில் அராயி குழுவினர், 32 மில்லிமீட்டர் உயரமும் 38 மில்லிமீட்டர் விட்டமும் கொண்ட சிறு உருளையை மட்டும் படமெடுக்கும் கருவியை வெளியிட்டனர். இரண்டு மூன்று பற்கள் அடங்கும் இடம்; தேவையான இடத்துக்கு மட்டும் கதிர். சி.பி.சி.டி. என்று இன்று பல் மருத்துவமனைப் பலகைகளில் காணும் எழுத்துகள் இவ்விரண்டின் வழித்தோன்றல்கள். இம்ப்ளான்ட் இடத்துக்குக் குறுக்கு வெட்டுப் படம் தேவை என்று அமெரிக்க வாய் - முகக் கதிரியல் கழகம் 2000இலேயே பரிந்துரைத்தது. 2012இல், அந்தக் குறுக்கு வெட்டைப் பெறச் சி.பி.சி.டி.யே ஏற்றது என்றும், ஆனால் முதற்படமாக அதை எடுக்க வேண்டா என்றும் சேர்த்துச் சொன்னது. கதிரளவு கருவிக்குக் கருவி பெரிதும் மாறுபடும், பெரும்பாலும் ஓ.பி.ஜி.யைவிட மிகுதி, மருத்துவ சி.டி.யைவிடக் குறைவு. கெல்ஸின் கையை நினைவில் வைத்திருப்பவர்கள் இந்த எச்சரிக்கையை எளிதில் தள்ளிவிட மாட்டார்கள்.

இனி என் துறைக்குரிய ஓர் ஐயம்.

இந்தக் கணக்குக்குக் கட்டுரைகள் இட்டிருக்கும் பெயரும், வரலாற்று மொழியியலில் நாங்கள் செய்யும் வேலையின் பெயரும் ஒன்றே: மீட்டுருவாக்கம். தமிழில் பல், கன்னடத்தில் ஹல்லு, துளுவில் பரு, பர்ஜியில் பெல், கோண்டியில் பல், குருக்கில் பல்ல். ஒவ்வொரு மொழியும் மறைந்துபோன ஒரு சொல் வெவ்வேறு திசையில் விழுத்திய நிழல். இந்த நிழல்களிலிருந்து மூலத் திராவிடச் சொல்லை மீட்டு எழுதுகிறோம். தென்மொழிகளை மட்டும் வைத்துக்கொண்டு எழுதினால் அது கோணங்கள் குறைந்த படமாகிவிடும். வட இந்தியாவின் காடுகளில் பேசப்படும் குருக்கும் மால்டோவும் வந்து சேரும்போதுதான் உருவம் உறுதிப்படுகிறது. ஆனால் அப்படி மீட்ட சொல்லை எழுதும்போது அதன் தலையில் ஓர் உடுக்குறி இடுவோம். எவரும் எழுதியோ பேசியோ பதிவாகாத வடிவம் இது, கணித்தது, என்று அந்தச் சிறு நட்சத்திரம் சொல்லும். முதலாண்டு மாணவர் உடுக்குறியை மறந்தால் மதிப்பெண் குறையும்.

திரையில் சுழலும் தாடைக்கு உடுக்குறி இல்லை. அது ஒளிப்படம்போல் வழவழப்பாக, நிழலும் பளபளப்புமாக, கையால் தொட்டுவிடலாம் போல் இருக்கிறது. அதன் ஒவ்வொரு நுண்கனசதுரமும் கணித்த எண்; பெரும்பாலும் கால் மில்லிமீட்டர் அளவில் சராசரியாக்கிய எண். கூம்புக் கதிரில் சிதறல் மிகுதி என்பதால், மருத்துவ சி.டி.யில் எலும்பின் அடர்த்தியைச் சாம்பல் நிற எண்ணால் படிப்பதுபோல் இதில் படிக்க இயலாது. எனினும் மென்பொருள்கள் பல அந்த எண்ணைக் காட்டத்தான் செய்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக அந்தச் சிவப்புக் கோடு. நரம்பு சி.பி.சி.டி.யில் தெரிவதே இல்லை. நரம்பு ஓடும் எலும்புக் குழாயின் சுவரே தெரியும், அதுவும் சுவர் கெட்டியாக இருந்தால். சிவப்புக் கோட்டை மருத்துவரோ மென்பொருளோ அந்தச் சுவரைப் பின்பற்றி வரைகிறார்கள். சுவர் மெலிந்த இடத்தில் முன்னும் பின்னும் உள்ள புள்ளிகளை இணைத்து ஊகிக்கிறார்கள். ஊகித்த பகுதியும் கண்ட பகுதியும் திரையில் ஒரே சிவப்பு.

இதை மருத்துவரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். தமக்கு இது தெரியாதது அன்று என்றும், தாம் கோட்டைத் தாமே வரைவதால் எங்கே ஊகித்தோம் என்பது கைக்கு நினைவிருக்கும் என்றும் சொன்னார். வேறொருவர் வரைந்து கொடுத்த திட்டத்தைத் திறந்தால்தான் சிக்கல் என்றார். நல்ல விடை. ஆனால் திட்டங்கள் இப்போது பெரும்பாலும் வேறொருவரால் வரையப்பட்டுத்தான் வருகின்றன. பதிக்கும் திசையையும் ஆழத்தையும் கட்டுப்படுத்தும் வழிகாட்டி அச்சு எங்கோ முப்பரிமாண அச்சுப்பொறியில் உருவாகி உறையில் வந்து சேர்கிறது.

அம்மா கேட்ட வலப்பக்கத்துக்கு வருகிறேன். மருத்துவர் படத்தைத் திருப்பினார். 11 ஆண்டுப் பழைய திருகு வெள்ளையாக எரிந்தது. அதைச் சுற்றிக் கரிய பட்டைகள். அவற்றிலிருந்து கதிர்கள்போல் கீற்றுகள். உலோகம் கதிரை மிகுதியாக விழுங்கிவிடுவதால் கணக்கு தடுமாறி உண்டாக்கும் போலி உருவங்கள் அவை. திருகின் நுனி, நரம்புக் குழாயின் மேற்சுவர் இருக்க வேண்டிய இடத்துக்கு மிக அருகில் முடிந்தது. தொட்டதா, அழுத்துகிறதா, இல்லை ஊசியாலேயே நேர்ந்த பழுதா?

"டாக்டர், இடிச்சிருக்கா?" என்று அம்மா கேட்டார்.

மருத்துவர் கிடைமட்ட வெட்டு, குறுக்கு வெட்டு, மறுபடி கிடைமட்ட வெட்டு என்று மாற்றி மாற்றிப் பார்த்தார். "அம்மா, இந்த இடத்துல படத்தை நம்பிச் சொல்ல முடியாது. தொட்டுட்டு இருக்கலாம். தொடாமலும் இருக்கலாம். எந்த இடத்துல உலோகம் இருக்கோ அந்த இடத்துலதான் இது பொய் சொல்லும்" என்றார். அம்மா சற்று நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏமாற்றமா நிம்மதியா என்று என்னால் கண்டுகொள்ள இயலவில்லை. எனக்கு ஏமாற்றமே. யாரோ ஒருவர் மீது சுமத்துவதற்கான சான்று அந்தக் கரிய பட்டைக்குள் இருக்கும் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்து வந்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

பிறகு இடப்பக்கம். எலும்பின் முகட்டிலிருந்து குழாயின் மேற்சுவர் வரை 10.6 மில்லிமீட்டர். அந்த இடத்தில் சுவர் வெண்கோடாகத் தெளிவாகத் தெரிந்தது, ஊகம் தேவைப்படவில்லை. பழைய ஓ.பி.ஜி.யில் அதே இடம், பெரிதாக்கத்தைக் கழிக்காமல் அளந்தால், 13க்கு மேல். உட்புறப் பள்ளமும் இருந்தது, ஆழமில்லை. மருத்துவர் முதலில் வைத்திருந்த 10 மில்லிமீட்டர் திருகை நீக்கிவிட்டு 8 மில்லிமீட்டர் திருகை வைத்தார். நாக்குப் பக்கமாக இருந்த சாய்வை இரண்டு பாகை குறைத்தார். அம்மா ஒப்புதல் படிவத்தை முழுவதும் படித்தார். உணர்விழப்பு நேரக்கூடும் என்ற வரிக்கு வந்ததும் விரலை அங்கேயே வைத்துக்கொண்டு, இந்த முறையும் இதில் கையெழுத்து வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றார் மருத்துவர். அம்மா கையெழுத்திட்டார். அறுவை அடுத்த வியாழக்கிழமை.